இருபத்தேழாம் நம்பர் பூட்ஸ்

பெங்களூரா லாரிகள் ரோட்டோரம் வரிசைகட்டும் மாதம்.
காவேரிப்பட்டணம் பல்ப் கம்பெனியில்
எனக்குக் கொடுத்த பூட்ஸில்
வெள்ளை பெயிண்டில் 27.
காலை ஆறு மணிக்குக் கால் நுழைத்தால்
உள்ளே யாரோ அப்போதுதான்
எழுந்துபோன சூடு.

முதலில் சுண்டுவிரல் இடுக்கில் நமைச்சல்.
வேலைநேரத்தில் கழற்ற முடியாது.
ஒரு காலை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டே
பெல்ட்டில் வரும் அழுகலைப் பொறுக்கினேன்.
அப்புறம் உள்ளங்கால் வளைவில்
ஜவ்வரிசி ஜவ்வரிசியாய்க் கொப்புளம்.
ஊக்கால் குத்தினேன்.
குத்தியிருக்கக் கூடாது.

மாம்பழச் சூடு என்றார்கள்.
சீசனில் நான் ஒரு துண்டும் தின்பதில்லை,
பன்னிரண்டு மணிநேரம் முகர்ந்தவளுக்கு
அது வெறும் வாடை.
மஞ்சள் பூசினேன். வேப்பெண்ணெய்.
பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில்
காலைக்கூடப் பார்க்காமல் ஒரு ட்யூப் கொடுத்தான்.
மூன்றே நாளில் அரிப்பு போச்சு.
நான்காவது வாரம்
வட்டம் வட்டமாய்க் கணுக்கால் ஏறியது,
பின்வாசல் வழியாக வந்த கடன்காரன் மாதிரி.

பிறகு உள்ளங்கையில்.

அன்றைக்குத்தான் பயந்தேன்.
கையில் புண் என்றால் பழம் தொட விடமாட்டார்கள்.
சூப்பர்வைசர் கஜபதி பார்க்கக் கூடாதென்று
கையுறைக்குள் கையுறை.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி, வியாழக்கிழமை,
நூற்றுப்பதினொன்றாம் சீட்டு.
கையை நீட்டினேன்.
"செருப்பைக் கழட்டுங்க" என்றார் டாக்டரம்மா.
கொப்புளத்தின் தோலைக் கொஞ்சம் சுரண்டி
கண்ணாடித் துண்டில் வைத்து உள்ளே அனுப்பினார்.
ஒரு மணிநேரம் பெஞ்சில்.
"பூஞ்சை காலில்தான் இருக்கு. கையில் ஒண்ணுமில்லை.
கால் படுறதைக் கை சொல்லுது, அவ்வளவுதான்.
கால் ஆறினா அதுவும் அடங்கிடும்."

அந்தப் பழைய ட்யூபைப் பிடித்து
பொடி எழுத்தைப் படித்தார்.
"இது நெருப்பு மேல போர்வை போடுற மருந்து"
என்று குப்பையில் போட்டார்.
புது மருந்து காலை, மாலை. மாத்திரை ரெண்டு வாரம்.
விரலிடுக்கைத் துடைக்கணும், துணி தனியா இருக்கணும்.
"ஆறின மாதிரி தெரியும். அப்பவும் விடாதீங்க.
பூட்ஸை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்க,
நடுவுல வெயிலில் காயட்டும்."

சிரித்துவிட்டேன்.
இருபத்தேழு எங்கே காய்வது?
சாயங்காலம் நான் கழற்றினால்
நைட் ஷிப்டில் ஒருத்தி மாட்டுகிறாள்.
அவள் கால் என் காலுக்குத் தெரியும்.
முகம் தெரியாது.

அன்று பூட்ஸுக்குள் பவுடர் தூவி,
பேப்பர் சுருட்டித் திணித்து,
ஒரு துண்டுச்சீட்டு வைத்தேன்:
அக்கா, உங்களுக்கும் அரிக்குதா?

மறுநாள் சீட்டு ஈரமாய்த் திரும்பி வந்தது.
பின்பக்கம் பென்சிலில்:
ரெண்டு மாசமா. நீங்க குடுத்ததா
நான் குடுத்ததான்னு தெரியலை.
கோவிச்சுக்காதீங்க. முனிலட்சுமி, சந்தூர்.

வியாழக்கிழமை போங்க, ஏழு மணிக்கே சீட்டு வாங்குங்க,
மெடிக்கல் ட்யூப் வேண்டாம் என்று எழுதினேன்.
எழுதி முடித்தபின்
அவள் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு
எப்படி ஏழு மணிக்கு அங்கே நிற்பாள் என்று தோன்றியது.
அதற்குள் பெல் அடித்துவிட்டது.

ஆளுக்கொரு ஜோடி கேட்டேன்.
"சீசன் முடிய இருபது நாள். பொறுத்துக்க"
என்றான் கஜபதி.
மறுநாள் ராத்திரி அவளும் அதையே கேட்டாளாம்.
பகல்ல அரிச்சா ராத்திரி ஏன் சொறியுறீங்க என்று
கத்தினானாம்.
நானூறு ரூபாய்க்கு ரவுண்டானா கடையில்
நானே வாங்கினேன்.
இருபத்தேழு இனி பகலெல்லாம்
வாசலில் தலைகீழாய் வெயில் குடிக்கும்.

கை முதலில் அடங்கியது. இல்லை,
கால்தான் முதலில்; கை சொல்லத்தான் தாமதம்.
தோல் உரிந்து கீழே புதுத்தோல்,
பிள்ளையின் குதிகால் நிறத்தில்.

இப்போது லாரி இல்லை, கம்பெனி கேட்டில் பூட்டு.
ஒன்றுமே இல்லாத காலில்
இன்னும் இரண்டு வேளை மருந்து தடவுகிறேன்.
சந்தூர் பஸ் வந்து நின்றால்
இறங்கும் பெண்களில் முகம் தேடுவதில்லை,
குனிந்து பாதம் பார்க்கிறேன்.